முப்பது பேரின் களைப்பு

என் மகளின் ஆராய்ச்சிக்கு நான் செய்த உதவியைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. பேசாமலிருப்பதுதான் எனக்குக் காட்டக்கூடிய அதிகபட்ச மரியாதை என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

மகள் பி.காம். முடித்து, ஒரு கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று திடீரென்று உளவியல் எம்.ஏ.வில் சேர்ந்தவள். வேலையை விடாதே என்று சொன்ன மாமா, அத்தை, எதிர் ஃப்ளாட்காரர் எல்லோரும் அவள் எப்போது தோற்பாள் என்று அன்போடு காத்திருந்தார்கள். இரண்டாம் வருடக் கடைசியில் ஓர் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். தேதிக்குள் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. அந்த மாமா ஜெயித்துவிடுவார்.

ஒரு மனிதன் தன்னை யாரென்று நினைக்கிறான், அந்த நினைப்பில் அவன் சேர்ந்திருக்கும் கூட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். மாட்டுங்காவில் முப்பது தமிழர்கள், தாராவியில் முப்பது தமிழர்கள். ஒரே மொழி, நடுவில் ரயில் தண்டவாளம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் 'நான்' என்று பத்து முறை அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நீளக் கோடு. கோட்டை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் கொடுத்திருந்தால் மூன்றாவது கோட்டில் பேனாவை மூடியிருப்பேன்.

மாட்டுங்கா முப்பதை அவளே முடித்தாள். அவர்கள் ஆங்கிலத்தில், நின்றவாக்கில், வேலைக்கு மனுப்போடுவதுபோல நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் தன்னம்பிக்கை உள்ளவன், நான் குழுவோடு இணைந்து செயல்படுபவள், இத்யாதி. தாராவியில்தான் சிக்கல். மகளுக்குத் தமிழ் பேச வரும், கேட்டால் புரியும். படிக்க வராது. தமிழில் அச்சடித்த எதைப் பார்த்தாலும் கல்யாணப் பத்திரிகை என்று நினைக்கிறவள். போதாததற்குக் காலை முழுக்க ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஆகவே என்னை நியமித்தாள்.

எனக்குத் தகுதி இருந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இங்கே ஒரு தமிழ் மாத இதழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறேன். அதன் வாசகர்களை அவரவர் வியாதியை வைத்தே என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

"அப்பா, அவங்க சொல்றதை அப்படியே எழுது. ஓகே? அவங்க சரின்னு சொன்னா ஃபோன்ல ரெக்கார்டிங்கும் ஆன் பண்ணு. பேக்கப்புக்கு."

"அப்படியே எழுத நான் எதுக்கு? ஒரு டைப்பிஸ்ட் போறாதா?"

"டைப்பிஸ்ட் ஃப்ரீயா வரமாட்டான், அப்பா."

மாட்டுங்காவில் பிறந்து முப்பது வயதுவரை அங்கேயே இருந்து, பிறகு செம்பூருக்குக் குடிவந்தவன் நான். அந்த முப்பது வருடத்தில் தண்டவாளத்தைத் தாண்டித் தாராவிக்கு இரண்டே முறை போயிருக்கிறேன். ஒரு முறை தேர்தல் வேலை. ஒரு முறை வழி தப்பி. ஆனாலும் பம்பாய்த் தமிழர்களைப் பற்றி மேடையில் பேசக் கூப்பிட்டால் 'நாம்' என்றுதான் ஆரம்பிப்பேன்.

முதல் ஆள் தோல் பை தைக்கும் பட்டறை, அங்கே சொல்வதுபோலக் கார்கானா, வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். ஏணிபோல நிற்கும் இரும்புப் படியில் ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"சார் மாட்டுங்காவா?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"செருப்ப வெளிய வுட்டுட்டு வந்தியல்லா. கீழ பூரா ஆணி கெடக்கு. மொதல்ல போய்ப் போட்டுட்டு வாங்க. பொறவு நான் யாருன்னு சொல்லுதேன்."

மெஷினில் இருந்த நான்கு பேரும் தலையைத் தூக்காமல் சிரித்தார்கள். போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆணி ஒன்றும் குத்தவில்லை. வேறு ஏதோ குத்தியது. ஆனாலும் அவர் நிறையப் பேசினார். நான் மடியில் நோட்டை வைத்துக் கிறுக்கினேன்.

அப்படியே மூன்று வாரம். கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் பெண்மணி. பைக்கில் டெலிவரிக்குப் போகிறவர். ஒரு தையல்காரர். முப்பது பேர். தினமும் தாராவியில் கிறுக்கியதைச் செம்பூருக்குக் கொண்டுவந்து, ஒரு காப்பி குடித்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நல்ல தாளில் சுத்தப்பிரதி எடுத்தேன். பக்கத்திலேயே மகளின் வழிகாட்டிப் பேராசிரியைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. அவர் வங்காளி, தமிழ் தெரியாது. குற்றம் நடந்தது அந்த ஃபேனுக்குக் கீழேதான். அப்போது அது குற்றம் என்று தெரியவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிற தாள், அதில் 'கெடக்கு' என்றா எழுதுவது? நான்கு பேர் முன்னால் போய் நிற்கிறவர்களுக்கு நல்ல சட்டை போட்டு அனுப்புகிறேன் என்று நினைத்தேன்.

தாள்களைப் பார்த்த பேராசிரியை மகளுக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள், நாங்கள் எல்லோரும் கேட்டோம். முக்கால்வாசித் தாள்களில் ஏதோ ஒரு வடிவத்தில் களைப்பு வருகிறதாம். சோர்வு, சலிப்பு, அலுப்பு. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தன்னம்பிக்கை, அந்தப் பக்கம் களைப்பு. இவ்வளவு தெளிவான வித்தியாசத்தை ஒரு மாணவியின் ஆய்வில் பார்த்ததே இல்லை, இதை ஒரு கட்டுரையாகவே வெளியிடலாம் என்றார்.

மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். மனைவி கேசரி கிளறினாள். நான் அடக்கமாக இருந்தேன். அடக்கமாக இருக்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும்படி இருந்தேன்.

ஆய்வேடு கொடுக்க இன்னும் பதினேழு நாள் இருந்தது. துறையில் ஒரு சின்ன அரங்கில் பேச வேண்டும், அதற்கு இரண்டு குரல்களை அப்படியே போட்டுக் காட்டலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை மகள் ரெக்கார்டிங்கைக் கேட்க உட்கார்ந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் கழித்து, "அப்பா, இங்கே வா" என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. என் பழைய மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன்.

ஃபோனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து ஓடவிட்டாள். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே கார்கானாக்காரர்: "நான் சும்மா இருக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம லீவு வுட்டா கை அரிக்கும். வீட்டுல பீரோ கதவக் கழத்தி மாட்டுவேன், பொண்டாட்டி ஏசுவா." சுற்றிலும் சிரிப்பு.

"இது நாலாவது பதில். நீ என்ன எழுதியிருக்கே? படி."

கண்ணாடியைத் தேடினேன். தலையில் இருந்தது.

"படிப்பா."

"'நான் ஓய்வை மறந்தவன். உழைத்து உழைத்துக் களைத்த கைகள் என்னுடையவை.'"

"கை அரிக்கும்னா களைப்பா?"

"ஒரு உள்ளர்த்தம்…"

அடுத்தது ஹவுஸ்கீப்பிங் பெண்மணி. "நான் சண்டக்காரி. எங்க சால்ல, லைன் வீடு பூராவுக்கும், தண்ணி வரலன்னா முனிசிபாலிட்டிக்கு மொத ஃபோன் என்னுதுதான். எல்லாரும் என்ன மேடம்னுதான் கூப்புடுதாவ, தெரியும்லா?"

நான் எழுதியிருந்தது: 'நான் போராடிப் போராடி அலுத்துப்போனவள்.'

டெலிவரிக்காரர்: "நான்… இன்னும் எத்தன கோடு இருக்கு? நான் யாருன்னு இவ்வளவு நேரம் ரோசிச்சா பசிக்கி சார்."

நான்: 'நான் என்னையே தேடிச் சலித்தவன்.'

படிக்கப் படிக்க எனக்கே குரல் இறங்கிவிட்டது. வாக்கியங்கள் நன்றாக இருந்தன, அதுதான் அவமானம். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்ககிட்ட ஒரு வேலையக் குடுத்தா அதை இலக்கியமாக்காம விடமாட்டேளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமாளித்திருக்கலாம். தாள்களை அடுக்கி விளிம்பைத் தட்டிச் சரிசெய்தபடியே கேட்டாள். "இதுவரைக்கும் கேட்டதுல ஒருத்தர்கூட டயர்டுன்னு சொல்லலை. அப்போ இதுல யாருப்பா டயர்டு?"

இருபத்தெட்டு வருடம் செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து, நின்றபடியே போய், நின்றபடியே வந்தவன் நான். ஓய்வு வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. காலையில் எழுந்ததுமே முந்தின நாள் சாயங்காலம்போல இருக்கிறது. இதைப் போய் வீட்டில் யாரிடம் சொல்வது? அவரவருக்கு வேலை இருக்கிறது. நகைச்சுவைப் பக்கத்திலும் எழுத முடியாது. ஆக, யாரோ முப்பது பேர் வாயில் திணித்துவிட்டேன். அவர்கள் தாராவிக்காரர்கள், அவர்களுக்குக் களைப்பாகத்தான் இருக்கும் என்று எனக்குள் எங்கோ ஒரு மாட்டுங்காக்காரன் கேட்காமலே தீர்மானித்திருக்கிறான்.

இதையெல்லாம் அப்போது சொல்லவில்லை. சொன்னது இதுதான்: "பேராசிரியைக்குத் தமிழ் தெரியாது. நாம சொல்லாட்டா யாருக்கும் தெரியப்போறதில்லே."

"எனக்குத் தெரியுமே" என்றாள் மகள்.

அன்றைக்கே பேராசிரியையிடம் சொல்லிவிட்டாள்.  அவர், தேதியைத் தள்ளிப்போட முடியாது, ரெக்கார்டிங் எல்லோருக்கும் இல்லாததால் அதை மட்டும் நம்பவும் முடியாது, கிடைத்தவர்களை மறுபடி பாருங்கள், உங்கள் அப்பா பேனாவைத் தொட வேண்டாம் என்றார். அந்தக் கடைசி நிபந்தனையை மகள் என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு அவளே வந்தாள். நான் வழி காட்டவும், புரியாத சொல்லுக்கு அவள் கேட்டால் மட்டும் அர்த்தம் சொல்லவும். இந்த முறை செருப்போடு ஏறினேன்.

"என்ன சார், மறுபடியுமா? போன தடவ சொன்னத எங்க போட்டிய?" என்றார் கார்கானாக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "அப்பா மாத்தி எழுதிட்டார், பாய். நீங்க ரொம்ப களைச்சுப் போனவர்னு."

"நானா?" மெஷின்கள் நின்றன. "லேய், கேட்டியளா, நான் களைச்சுட்டேனாம்!" ஒருவர் இந்தி கலந்து, "சேட், அப்போ நாளைக்கி சுட்டியா, லீவா?" என்றார். ரொம்ப நேரம் சிரித்தார்கள். நான் தரையில் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறையத்தான் இருந்தன.

பிறகு அவர் பதில் சொன்னார். முன்பு சொன்னதில் பாதிக்குமேல் வரவில்லை. என்னிடம் தொழில், மெஷின், எத்தனை பேர் தன்கீழ் என்று சொன்னவர், அவளிடம் "நான் மூணு பொட்டப்பிள்ளைக்கு வாப்பா" என்றுதான் ஆரம்பித்தார். மூத்தவள் பார்மசி படிக்கிறாளாம். மகள் எழுதவே இல்லை. ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஆள், ஒரே கேள்வி, கேட்கிறவர் மாறினால் வேறு 'நான்'. இதுவும் எழுத வேண்டிய விஷயம்தான் என்று என் கை பரபரத்தது. சட்டைப் பையில் பேனா இல்லை. வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

எழுந்தபோது அவர், "சாருக்கு ஒரு தாள் கொடுத்தியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல பாய்."

"கொடு. என்னய களைச்சவன்னு எழுதினவரு அவரு யாருன்னு சொல்லட்டும்."

தப்ப வழியில்லை. நான்கு மெஷின்காரர்களும் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். மகள் ரெக்கார்டிங்கை அமுக்கினாள். "நான்…" என்றேன். முதலில் வந்தது, "மாட்டுங்காக்காரன்."

"அது செருப்புலயே தெரிஞ்சிபோச்சு. அடுத்து?"

"எழுதறவன்."

"அதான் பாத்தோமே. அடுத்து?"

 ஜன்னல் வழியாக யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். "டயர்டா இருக்கு" என்றேன். தமிழில் அதற்கு எத்தனை நல்ல சொற்கள் எனக்குத் தெரியும்! அன்று வந்தது இதுதான்.

யாரும் சிரிக்கவில்லை. கார்கானாக்காரர், "டீ சொல்லுலே" என்றார், பொதுவாக. டீ வந்தது. மகள் ரெக்கார்டிங்கை நிறுத்தி, ஃபோனைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பினோம். சயான் பாலத்துக்கருகே பஸ்ஸுக்கு நின்றபோது என் தோள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அதில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறெதுவும் இல்லை.

முப்பது பேரில் பத்தொன்பது பேரைத்தான் மறுபடி பிடிக்க முடிந்தது. கடைசி நாள் மதியம் ஆய்வேட்டைக் கொடுத்தாள். தண்டவாளத்தின் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் அதில் நிரூபணமாகவில்லை. கட்டுரைப் பேச்சு அதோடு போயிற்று. மார்க்கும் சுமார்தான். ஆனால் தேறிவிட்டாள். மாமாவுக்கு நானே ஃபோன் செய்து சொன்னேன். "சுமார்தானா?" என்றார், கொஞ்சம் தெம்பு வந்தவராக.

ஆய்வேட்டின் கடைசியில், குறைபாடுகள் என்ற பகுதியில், என்னைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது. பெயர் இல்லை. முதலில் பதிவு செய்தவரின் சொந்த மனநிலை பதில்களில் கலந்துவிட்டதால் அவை விலக்கப்பட்டன என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம். மகள் அதைத் திரையில் காட்டி, "இது ஓகேவா அப்பா? ஹர்ட் ஆகலையே?" என்றாள்.

இத்தனை வருடம் எழுதியதில் என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் அச்சில் சொன்னதில்லை. அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா அந்த இரண்டாவது பாதியைக் கொஞ்சம்…"

"அப்பா" என்றாள் மகள்.

பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.