ஜெனரலை இறக்கிய நாள்

பக்கத்து வீட்டு ஜெனரலைக் கால் மணி நேரம் நான் சாகடித்து வைத்திருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது எழுபதை நெருங்குகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வெஸ்ட் வின்ட்சரில் இன்று எங்கே திரும்பினாலும் தமிழ் காதில் விழுகிறது. அன்று எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டுமே. அதிலும் நானும் தங்கையும் தமிழைக் கேட்பதோடு சரி, பதிலெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

அடுத்த வீட்டில் ஒரு சின்னத் தீவு நாட்டைச் சேர்ந்த ஆண்டி இருந்தார். அவருடைய கணவர்தான் ஜெனரல். ராணுவ பேண்டில் முரசு அடிக்கச் சேர்ந்து, அந்த நாட்டுப் படைக்கே தலைவரானவர். விடுமுறைக்கு இங்கே வந்தால் புல் வெட்டுவார். அம்மாவின் எலுமிச்சை சாதத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்த வருடம் அவர்கள் நாட்டு அதிபர் திடீரென்று காலமாகிவிட, தேர்தல் வரும்வரை ஆட்சியை இவர் தலையில் கட்டினார்கள். டிவியில் அவர் முகம் வந்தது. பள்ளியில் நான் ஒரு வாரம் அதைச் சொல்லியே பெரிய ஆளாக இருந்தேன். ஆண்டி மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்.

அவர் ஆட்சிக்கு வந்த பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. நியூயார்க்கில் பத்திரிகையில் வேலை பார்த்த அப்பாவின் நண்பர் போன் செய்தார். அப்பா சமையலறைக்கு வந்து தாழ்ந்த குரலில் அம்மாவிடம் சொன்னார்.

"ஜெனரலை எறக்கிட்டாங்களாம்."

"ஐயையோ! அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னொரு கால் பண்ணி விசாரிச்சுட்டு நானே போய்ப் பக்குவமா சொல்றேன்."

முந்தைய வருடம் பெரியப்பா போனபோது, "எறந்துட்டாங்களாம்" என்று இதே குரலில்தான் அப்பா சொன்னார். என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். துக்கத்தில் ஓடினேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அவ்வளவு பெரிய செய்தியை அப்பாவுக்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன்.

ஆண்டி கணவரின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆண்டி, ஜெனரல் அங்கிள் இஸ் டெட்."

அவர் கத்தவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. துணி கருகும் வாசனை வந்தது. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். நான் செய்த நல்ல காரியமாக அதை வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் கழித்து அப்பா வந்தார். பதவியைத்தான் பறித்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்றுமில்லை, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். ஆண்டி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பாதான் சொன்னார்," என்றேன்.

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். தவறு தன்னுடையது என்றும், தான்தான் சரியாக விசாரிக்காமல் பேசிவிட்டதாகவும் சொல்லி ஆண்டியிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு நடக்கும்போது, "எறக்கறதுன்னா கீழ எறக்கி விடறதுடா, மண்டு," என்றதோடு சரி. அதன்பின் அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இரண்டு நாளில் ஜெனரல் ஒரே ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினார். ஆண்டி வாசலிலேயே அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தார், சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. நாட்டையே பறிகொடுத்து வந்தவரை இப்படியா வரவேற்பது என்று எனக்கு ஒரே ஏமாற்றம்.

ஜெனரல் திரும்பிப் போகவில்லை. தக்காளி வளர்த்தார். வருடத்தில் ஒரு நாள் மட்டும், வீடு திரும்பிய அதே தேதியில், நெஞ்சில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் பழுப்பேறிய அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆண்டியோடு சாப்பிட வெளியே போவார்.

முதல் முறை அதைப் பார்த்தபோது அம்மாவிடம் கேட்டேன், ஆண்டி அவ்வளவு கஞ்சமா, ஒரு புதுச் சட்டை வாங்கித் தரக்கூடாதா என்று.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.