தாம்பாளம் கேட்டு வந்தவர்கள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலே பெரிய பித்தளைத் தாம்பாளம் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. கல்யாணத்துக்குத் தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. அந்த ஒரு பாவத்துக்காக, தோட்டத்துக்கு எந்தத் தலைவர் வந்தாலும் ஆரத்தி எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தண்ணீரைச் சிவப்பாக்கி, வெற்றிலை மிதக்கவிட்டு, அதன் மேல் கற்பூரம் கொளுத்தி, ரோட்டு ஓரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பேன். கார் வரும். இறங்குகிறவர் நெற்றியில் பொட்டு வைப்பேன். எத்தனை நெற்றி! இன்றைக்கு நினைத்தால் இந்த விரலை நறுக்கிப் போடலாம் போல வருகிறது.

முதல் நெற்றி எங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவருடையது. இலங்கைச் சுதந்திரத்துக்கு முந்தின தேர்தல். நான் வாழ்க்கைப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிது. வேட்டியும் கோட்டுமாக வந்தவர், லயத்து வாசலில் எங்களோடு உட்கார்ந்து சிரட்டையில் தேத்தண்ணி குடித்தார். "கொழும்புக்கு நான் போறதில்லம்மா, நீங்கதான் போறீங்க. நான் சும்மா உங்க வாய்" என்றார். ஆகா, என்ன பேச்சு! எங்க வீட்டுக்காரர் சொக்கிப்போய் நின்றார்.

ஓட்டுப் போட்ட அன்று நான் கூறைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். செய்யட்டுமே. பிறந்ததிலிருந்து எனக்கு யார் வேண்டும், எது வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. துரை கேட்டதில்லை, கங்காணி கேட்டதில்லை, கல்யாணத்தின்போது என் அப்பாகூடக் கேட்டதில்லை. அந்தப் பெட்டிதான் முதல்முதலாகக் கேட்டது. சீட்டை உள்ளே போட்டுவிட்டுப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் ஜெயித்தார். ராத்திரியெல்லாம் தப்படித்து ஆடினோம்.

சுதந்திரம் வந்தது. வந்த கையோடு, நீங்களெல்லாம் இந்த நாட்டு ஆட்களே இல்லை, உங்களுக்கு ஓட்டும் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். காட்டை அழித்துத் தேயிலை நட்டவன் பேரப்பிள்ளைக்கு நாடு இல்லையாம்! அடுத்த தேர்தலில் எங்கள் பேர் எங்கேயும் இல்லை. எங்கள் ஓட்டுப் போனதும் அவருடைய மெம்பர் பதவியும் போனது. ஆனால் தலைவர் என்ற பட்டம் மட்டும் போகவில்லை. எங்கள் வட்டாரத்துத் தொழிற்சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஓட்டு இல்லாவிட்டால் என்ன, சந்தா இருக்கிறதே.

எங்க வீட்டுக்காரர் அந்த மனுஷனுக்காக உயிரை விடுவார். சங்கம் ஒரு வேலைநிறுத்தம் சொன்னது. நாங்கள் எடுக்க வேண்டிய கொழுந்தின் ராத்தலை துரை கூட்டிவிட்டார் என்று சண்டை. எங்க வீட்டுக்காரர் கொடியைத் தூக்கிக்கொண்டு தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலுக்கு முன்னால் போய் நின்றார். பின்னால்தான் நின்று தொலைத்தால் என்ன என்று நான் கேட்டேன். "முன்னால நிக்க ஒருத்தன் வேணும்ல புள்ள" என்றார். தலைவரும் துரைமாரும் ஹட்டனில் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாரும் விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் திரும்பினார்கள். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் பத்துச்சீட்டு. வேலையை விட்டு நிறுத்தி, தோட்டத்தை விட்டே வெளியேற்றும் சீட்டுக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். மலையில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயாவை இவர் அடிக்க வந்தாராம். அடிக்க வந்த ஆள் யாரென்று கண்டாக்குக்கே தெரியும், அவர் மனசாட்சிக்கும் தெரியும்.

வேலையாட்கள் பேரேடான செக்ரோலில் என் பேரும் இருந்ததால் லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பரா எனக்கும் பிள்ளைகளுக்கும் மிஞ்சியது. அவர் மட்டும் தோட்டத்து எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. கொத்மலைப் பக்கம் ஒரு சிங்களவர் தோட்டத்தில் மிளகுக்கொடிக்கு மண் அணைக்கப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் காவல்காரன் கண்ணில் படாமல் தேயிலைச் செடிக்குள்ளே குனிந்து குனிந்து வருவார். தாலி கட்டின பொண்டாட்டியைப் பார்க்க, கோழி திருடுகிறவன் மாதிரி! முழங்காலெல்லாம் கவ்வாத்து வெட்டின குச்சி கிழித்திருக்கும். நான் வெந்நீர் வைத்துத் துடைப்பேன். "அடுத்த மாசம் வேலைக்கு எடுத்திருவாங்களாம் புள்ள. தலைவர் சொல்லியிருக்காரு" என்பார். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர் பழையபடி விடிகாலையில் கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போக வேண்டும், சாயந்திரம் என் காம்பராவுக்கு நிமிர்ந்து நடந்து வர வேண்டும். வேறு ராஜ்ஜியம் எதுவும் நான் கேட்கவில்லை.

தலைவர் வந்தார். ஆரத்தி எடுத்தேன். பொட்டு வைக்கும்போதே கேட்டுவிட்டேன்: "ஐயா, எங்க வீட்டுக்காரர் கேசு..." அவர் என் தலையில் கை வைத்து, "கவலைப்படாதம்மா. அடுத்த மாசம் பெரட்டுல நிப்பாட்டுறேன்" என்றார். நான் அழுதேவிட்டேன், சந்தோஷத்தில். மூளை கெட்டவள்.

அடுத்த மாசம் வந்தது, போனது. இப்படி எத்தனையோ அடுத்த மாசம். நடுவிலே சங்கம் இரண்டாக உடைந்தது. தலைவருக்கு வலது கையாக இருந்தவர் தானே தலைவர் என்று கிளம்பிவிட்டார். கொள்கை, கொள்கை என்று இரண்டு பேரும் தொண்டை கட்டக் கத்தினார்கள். எனக்கு விளங்கிய கொள்கை இவ்வளவுதான்: நாற்காலி ஒன்று, உட்கார ஆசைப்படுகிறவர் இரண்டு பேர். அவர்கள் கொழும்பிலும் ஹட்டனிலும் கட்டிப் புரண்டதில் இங்கே எங்கள் மண்டை உடைந்தது. மேல் லயம் பழைய சங்கம், கீழ் லயம் புதுச் சங்கம். மலையிலிருந்து விழும் ஒரே பீலித் தண்ணீருக்கு நிற்கிற பெண்கள் ஒருத்தி குடத்தை ஒருத்தி காலால் தள்ளினோம். மாரியம்மன் திருவிழாவை இரண்டு தடவை வைத்தார்கள். அம்மனே எந்தச் சங்கம் என்று தெரியாமல் முழித்திருப்பாள்.

சங்கத்துப் பிரதிநிதி என்று ஹட்டன் ஆபீசிலிருந்து ஒரு தம்பி வருவான். தலைக்கு எண்ணெய் வழிய வாரி, காற்சட்டை போட்டு, பேச்சில் தேன் ஒழுகும். நேற்றுவரை பழைய தலைவரைச் சாமி என்றவன், புதுத் தலைவர் படத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, அந்தாளு உங்க கேசை எப்பவோ வித்துட்டாருக்கா. துரையோட பங்களாவுல விருந்து சாப்பிட்டு முடிச்சாச்சு. எங்கிட்ட விடுங்க. புதுத் தலைவர் வந்து முதல்ல பேசப் போறதே அண்ணன் கேசுதான்."

"நேத்து வரைக்கும் நீயும் அந்த விருந்துலதானே தம்பி இருந்தே?"

"அதனாலதாங்க்கா எனக்குத் தெரியுது" என்றான். வெட்கம் என்ற ஒன்று இருக்கிறதே, அது அவன் போன வழிக்கே போனதில்லை.

ஆனாலும் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கினேன். வேறு என்ன செய்ய? முங்குகிறவளுக்குப் பாசியும் கயிறுதான். புதுத் தலைவர் நெற்றியிலும் பொட்டு வைத்தேன். ஹட்டனில் மேடை போட்டு எங்க வீட்டுக்காரரை ஏற்றினார்கள். "இதோ, பழைய தலைமையால் காட்டிக்கொடுக்கப்பட்ட தியாகி!" என்று மைக்கில் முழங்கி, கழுத்தில் இவ்வளவு பெரிய மாலை போட்டார்கள். எங்க வீட்டுக்காரர் கூச்சத்தில் நெளிந்தார். கூட்டம் முடிந்து இறங்கியதும் பிரதிநிதி பின்னாலேயே வந்தான். "அண்ணே, மாலையை ஒருக்காக் கழட்டித் தாங்க. டிக்கோயாவுல இன்னொரு கூட்டம் இருக்கு."

அவரும் கழற்றிக் கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். நான்தான் பஸ்ஸில் வரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன்.

பழைய சங்கம் சும்மா இருக்குமா? அவர்கள் ஒரு கூட்டம் போட்டு, "புதுத் தலைமை ஏமாற்றிய தியாகி" என்று அதே மனுஷனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இவர் அதற்கும் போனார். "எதுக்குங்க போறீங்க, மானம் இல்லையா?" என்று கத்தினேன். "ரெண்டு பேர்ல ஒருத்தன் வாங்கிக் கொடுத்துர மாட்டானா புள்ள?" என்றார். இப்படிக் கேட்கிற மனுஷனிடம் என்ன பேச? ஆடு நனைகிறதே என்று இரண்டு பக்கமும் ஓநாய்கள் அழுதன. ஆடும் அதை நம்பியது.

ஆனி மாதத்து மழையில் நனைந்து நனைந்து வந்ததில் அவர் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து எடுக்கலாம் என்றால், செக்ரோலில் பேர் இல்லாத ஆளுக்கு மருந்து இல்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. கட்டிலில் கிடந்தபடி என்னிடம் கடைசியாகக் கேட்டது என்ன தெரியுமா? "பிரதிநிதி வந்தானா புள்ள?" என்றுதான். பிள்ளைகளைக் கேட்கவில்லை. நான் வந்தான் என்று பொய் சொன்னேன்.

உயிரோடு உள்ளே வர விடாத துரை, பிணத்துக்கு மட்டும் பெரிய மனசோடு அனுமதி கொடுத்தார். லயத்து வாசலில் கிடத்தியிருந்தோம். அப்போதுதான் வந்தார்கள் இரண்டு சங்கத்து ஆட்களும், ஆளுக்கொரு கொடியோடு. எங்கள் தியாகி என்று இவன் போர்த்த, எங்கள் தியாகி என்று அவன் உருவ, பிணத்தின் மேலேயே தள்ளுமுள்ளு. பிரதிநிதி ஒரு நுனியைப் பிடித்திருந்தான். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"எடுங்கடா ரெண்டையும்! மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தாரே, அன்னைக்குப் போர்த்துனீங்களாடா? த்தூ!"

மலையில் நான் போட்டுக்கொள்ளும் கம்பளியை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். அதே தாம்பாளத்தில் அரிசி கொண்டுவந்து வாய்க்கரிசி போட்டேன். அதற்குப் பிறகு அதைக் கழுவிக் கூரைக்கடியில் சொருகி வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒன்றிரண்டு வருஷம் போயிருக்கும். இந்தியாவுக்கு எத்தனை பேர், இங்கே எத்தனை பேர் என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் எங்களைப் பங்கு பிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலம். அது காரணமோ, வேறு என்ன காரணமோ, அடித்துக்கொண்ட இரண்டு தலைவர்களும் ஒன்றாகிவிட்டார்கள். கட்டிப்பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார்களாம். பழைய தலைவரே மறுபடியும் தலைவர். பழைய குருடி கதவைத் திறடி! அவர்களுக்காகக் குடத்தை உடைத்துக்கொண்ட பெண்கள் நாங்கள்தான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியாமல் பீலியில் நின்றோம்.

பிரதிநிதி தம்பி பழைய தலைவர் படத்தோடு, அதே எண்ணெய்த் தலையோடு வந்து நின்றான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை தலைவர் வர்றாரு. வழக்கம்போல நீங்கதான்..." என்று ஆரம்பித்தவன் என் நெற்றியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். கொடியை இழுத்தவனுக்கு மறந்துவிட்டது! ஆனாலும் ஆள் லேசுப்பட்டவனா? "சரி, ஆரத்திக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன். தாம்பாளத்தை மட்டும் குடுங்கக்கா" என்றான்.

"தாராளமா எடுத்துக்க தம்பி. அதுலதான் எங்க வீட்டுக்காரருக்கு வாய்க்கரிசி போட்டேன். உங்க தலைவருக்குப் பரவால்லையா?"

படியிறங்கி ஓடினான். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டதைக் கூட எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் தலை முழுகி, வெள்ளைச் சேலை கட்டி, மூளி நெற்றியோடு ரோட்டு வளைவில் தனியாகப் போய் நின்றேன். ஆரத்திக்காரிகள் எனக்கு ரொம்பப் பின்னால் நின்றார்கள். தாலி அறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்று எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. நான் அதை நம்புகிறவளா இல்லையா என்பது வேறு விஷயம். அவர்கள் நம்புகிறார்கள் அல்லவா, எனக்கு அது போதும். விளங்காமல் போகட்டும் என்றுதான் நின்றேன். பிரதிநிதி தூரத்திலிருந்தே கையை ஆட்டினான், கெஞ்சினான். நான் அசையவில்லை.

கார் வளைவில் மெதுவானது. நான் நடுரோட்டில் நின்றதால் நின்றேவிட்டது. தலைவர் கண்ணாடியை இறக்கினார். நரைத்திருந்தார். எத்தனையோ தடவை என் விரல் தொட்ட அதே நெற்றி.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் கேசு என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் மூளி நெற்றி, வெறுங்கழுத்து, வெள்ளைச் சேலை எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. கையை வெளியே நீட்டி என் தலையில் வைத்தார்.

"கவலைப்படாதம்மா. அடுத்த மாசம் உன் புருசனைப் பெரட்டுல நிப்பாட்டுறேன்."

கண்ணாடி ஏறியது. கார் என்னைச் சுற்றி வளைந்து போனது. அவர் கை பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆரத்தித் தட்டோடு ஓடி வந்த பக்கத்துக் காம்பராப் பெண், "என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கையிலிருந்த சிவப்புத் தண்ணீர் தளும்பி என் சேலையில் கொட்டியது.

என் ஆயுசில் நான் போட்டது ஒரே ஒரு ஓட்டு. அதை அந்த மனுஷனுக்குத்தான் போட்டேன்.