ராஜகிரி நோட்டில் இரண்டு பேர்

செஞ்சியில் முப்பத்தொரு வருஷம் குடியிருந்தும் இந்தத் தை வரைக்கும் நான் ராஜகிரிக் கோட்டை மலை மேல் ஏறியதில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களும் ஏறியிருக்க மாட்டார்கள். துணி காயப்போட மாடிக்குப் போனால் எதிரே கோட்டை, பஸ்ஸுக்கு நின்றால் முதுகுக்குப் பின்னால் கோட்டை. எந்நேரமும் கண்ணில் படுகிறதை எதற்கு டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்ப்பது என்றுதான் எல்லாரும் இருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார்: "இந்த வருஷம் நாம ரெண்டு பேரும் ஏறிடணும்." காணும் பொங்கலன்று கோட்டையில் கூட்டம் நெரியும். "கூட்டத்துல என்னால ஆவாது, இன்னொரு நாள் பாக்கலாம்" என்பேன். அவர் உடனே ஒப்புக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவருக்கும் ஏற மனமில்லை. வேண்டாம் என்பது என் வாயிலிருந்து வரவேண்டும், அவ்வளவுதான். இந்த நாடகம் வருஷா வருஷம் நடந்தது.

போன பங்குனியில் ஒரு மத்தியானம், கட்டிலில் படுத்தபடியே அவர் போய்விட்டார். காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "ஆறிப்போவுது, எழுந்திருங்க" என்று இரண்டு தடவை அதட்டினேன். அந்த அதட்டல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலம் முதல் யார் யாருக்கோ போன் செய்தேன். எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான்: "அவரு தவறிட்டாரு." போஸ்டரில் இயற்கை எய்தினார் என்று போட்டார்கள். வந்தவர்கள் சாமிகிட்ட போயிட்டார் என்றார்கள். கோழி சாகும், எலி சாகும். வீட்டுக்காரர் தவறிவிடுவார், அதுதான் மரியாதை. எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. தவறினவர் என்றால் எங்கேயோ வழி தவறிப் போனவர், தேடினால் கிடைத்துவிடுவார் என்று ஒரு நினைப்பு.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் கிடையாது. மகன் துபாயிலிருந்து வீடியோவில் வந்து, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனான். காணும் பொங்கலன்று தெருவே கோட்டைக்குக் கிளம்பியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஏறலாம் என்று சொல்ல ஆளில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. ஒரு ஆள் போனால் சண்டைகூடப் பாதியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, முழுசாகவே போய்விடுகிறது.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன். பக்கத்து பாய் வீட்டு அம்மா, "முட்டிய வச்சிக்கினு இன்னாத்துக்குக்கா இந்த வேல?" என்றார். எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது?

மலையடிவாரத்தில் மேஜை போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயசு இருக்கும், கழுத்தில் விசில். மேலே ஏறுகிறவர்கள் பெயர், ஊர், எத்தனை பேர் என்று அவர் முன்னால் இருந்த நீள நோட்டில் எழுத வேண்டும். எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று சாயங்காலம் அதை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் கேட்டைப் பூட்டுவார்களாம்.

"எந்த ஊரும்மா?"

"நாங்க இந்த ஊருதான் தம்பி."

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு."

வாய் தானாகச் சொன்னது, கையும் தானாக எழுதியது. கல்யாணப் பந்தியானாலும் பஸ்ஸானாலும் முப்பத்தொரு வருஷமாக அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். காவலர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் எங்க?"

அப்போதே அடித்துத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் முகம் மாறும், அய்யோ பாவம் என்பார். பத்து மாசமாக அந்த அய்யோ பாவத்தைத் தின்று எனக்கு அஜீரணமே வந்துவிட்டது. "பின்னால வருவாரு" என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னோமே என்ற பயம் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை வாய்க்கு இதமாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

படிகள் ஒரு அளவில் இல்லை. ஒன்று சாண் உயரம், அடுத்தது முழ உயரம். கட்டினவர்களுக்கு மூட்டுவலியே வந்ததில்லை போலிருக்கிறது. பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். ஒரு குரங்கு வந்து பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை, தன்னுடையதைத் திருப்பி வாங்குகிற உரிமையோடு எடுத்துக்கொண்டு போனது. காலேஜ் பிள்ளைகள் நான்கு பேர், "ஆன்ட்டி, ஒரு போட்டோ எடுங்க" என்று போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தேன். "உங்கள எடுக்கட்டுமா ஆன்ட்டி?" என்றாள் ஒருத்தி. தனியாக நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பழக்கம் எனக்கு இல்லை. வேண்டாம் என்றேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்திருக்கிறது, நடுவில் ஒரு சின்னப் பாலம். கீழே பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். அவர் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. முதலில் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வா வா, ஒண்ணும் ஆவாது" என்று விரட்டியிருப்பார். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன்.

மேலே தானியக் கிடங்கு ஒன்று, உள்ளே வௌவால் நாற்றம். சுவரெல்லாம் ஜோடி ஜோடியாகப் பெயர்களைக் கீறி வைத்திருந்தார்கள். யாரோ காவல் காத்த, யாரோ முற்றுகையிட்ட இடத்தில் இப்போது காற்றும் நானும்தான். ஓரமாக உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். எங்கள் தெரு மட்டுமாவது தெரியும் என்று நினைத்தேன். எல்லாக் கூரையும் ஒன்றுபோலவே இருந்தது. "எது நம்ம வீடு?" என்று வாய்விட்டே கேட்டேன். வழி, திசை எல்லாம் அவர் இலாகா. காரியத்துக்குக்கூட அப்படி அழவில்லை, அங்கே உட்கார்ந்து அழுதேன்.

இறங்கும்போது எல்லாரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கீழே வந்து சேர்ந்தபோது காவலர் நோட்டை விரித்து வைத்துக் காத்திருந்தார்.

"எல்லாரும் எறங்கிட்டாங்கம்மா, உங்க லைன் மட்டும்தான் பாக்கி. சார் எங்க?"

"அவரு இல்ல தம்பி."

"இல்லன்னா? மேலயே இருக்காரா?"

நாக்கு தனக்குப் பழகின வார்த்தையை எடுத்துப் போட்டது. "அவரு தவறிட்டாரு."

அய்யோ பாவம் வரவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்கருந்து? பாலத்துகிட்டயா?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விசிலை எடுத்து ஊதினார். பெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "மேல ஒருத்தரு தவறி உழுந்துட்டாரு! கயிறு எடுத்துக்கினு வாங்க!" அவர்களில் பெரியவர், என் வீட்டுக்காரர் வயசுதான் இருக்கும், செருப்பை உதறிவிட்டுப் படியில் ஓட ஆரம்பித்தார்.

"அய்யோ, போவாதீங்க, அது இல்ல" என்றேன். யார் காதிலும் விழவில்லை. "சார் பேரு இன்னாம்மா? சீக்கிரம் சொல்லுங்க, கூப்ட்டுக்கினே போறோம்" என்று காவலர் பதறினார். நல்ல கேள்வி. அந்தப் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன், வரவில்லை. அதற்குள் பெரியவர் முப்பது படி ஏறிவிட்டார். அவர் மூச்சு வாங்குவது கீழே கேட்டது. இல்லாத ஒருவருக்காக இருக்கிற ஒருவர் விழுந்துவிடப் போகிறாரே!

"செத்துட்டாரு!" என்று கத்தினேன். "செத்துட்டாருங்க! பங்குனியிலயே செத்துட்டாரு! வீட்டுக் கட்டில்ல! நான் தனியாத்தான் வந்தேன்!"

பெரியவர் நின்று திரும்பினார். காவலர் கையிலிருந்த விசில் கீழே நழுவியது. அந்த வார்த்தையை நான் சொல்லியே விட்டேன். தேடினால் கிடைப்பார் என்ற அந்த நினைப்பு அங்கேயே என்னை விட்டுப் போயிற்று.

காவலருக்குக் கோபம் வந்தது, வராமல் என்ன செய்யும்? "இன்னாம்மா நீங்க, ஈரக்குலையே நடுங்கிப்போச்சி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். "மன்னிச்சிக்கோங்கண்ணா" என்று கும்பிட்டேன். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே, "யாரும் உழுவலயே? அது போதும்மா" என்றார்.

காவலர் நோட்டை என் பக்கம் திருப்பினார். குரல் இறங்கியிருந்தது. "அந்த ரெண்ட அடிச்சிட்டு ஒண்ணு போடுங்கம்மா. பக்கத்துல ஒரு கையெழுத்து. அது இல்லாம நான் கேட்ட பூட்ட முடியாது."

பேனா முதலில் எழுதவில்லை. ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன், எழுதியது. இரண்டை அடித்தேன். ஒன்று போட்டேன். கையெழுத்தும் போட்டேன். அவர் கேட்டைப் பூட்டுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. "எத்தினி பேரும்மா?" என்றார் டிரைவர்.

"ஒருத்தி" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.