செவெரின் விட்டுப்போன பட்டியல்

வாண்டா ஆறு வருஷமாகக் கணவனின் கல்லறைக்குப் போகவில்லை. வார்சாவில் இதைச் சொன்னால் வாயில் கை வைப்பார்கள். நவம்பர் முதல் தேதி வந்தால் ஊரே விளக்கும் செவ்வந்தியுமாகக் கல்லறைகளுக்கு டிராம் ஏறிவிடும். "அவர் அங்க இல்லையே, நான் எதுக்குப் போகணும்?" என்பாள் தங்கை ரோமானாவிடம். எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்லமாட்டாள்.

அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில், திரையில் இருந்தார்.

இரண்டு ஆள் உயரக் காந்தத்துக்குள் புரதக் கரைசல் அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாயை இறக்கி, அதன் அணுக்கள் முனகுவதைக் கேட்டுப் படமாக்குவதுதான் அவளுடைய இருபத்தெட்டு வருஷ வேலை. ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான கணங்களில் காது கொடுக்க வேண்டும். முழுக்கக் கேட்க மூன்றரை நாளாகும். புரதமோ இரண்டே நாளில் திரிந்துவிடும். அதனால் குலுக்கல் போட்டு நூற்றில் ஐந்து கணங்களை மட்டும் கேட்டு, மீதியைக் கணினியிடம் விட்டுவிடுவார்கள். எந்தெந்தக் கணம் என்ற பட்டியலைக் குலுக்கித் தந்தவர் அவள் கணவர் செவெரின்.

கேட்காமல் விட்டவை சும்மா இருப்பதில்லை. பலமான புள்ளி எழுந்தால் அதன் பக்கத்தில் மங்கலாக ஒரு பொய்ப்புள்ளியும் எழும். எந்தப் பக்கம் என்பது பட்டியலைப் பொறுத்தது. செவெரினின் பட்டியலில் அது இடப்பக்கம், சற்றுக் கீழே. அவர் மாரடைப்பில் போன மறுவாரம் அதைத் திரையில் பார்த்தவள், "வந்துட்டியா?" என்றாள். அன்றிலிருந்து வேறு பட்டியலே போடவில்லை. அது எழும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அவருடைய புகையிலை வாசனை வரும். திரும்பமாட்டாள். திரும்பினால் போய்விடுவாரோ என்ற பயம்.

அக்டோபர் கடைசி நாள், வெள்ளிக்கிழமை காலை. ஆராய்ச்சி மாணவி கிங்கா ஒரு தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். வாண்டாவை அவள் மரியாதையாக 'பானி' என்றுதான் கூப்பிடுவாள்.

"பானி வாண்டா! மருந்து சேர்த்ததும் இந்தப் பெரிய புள்ளி எழுந்துச்சுல்ல? பாருங்க, பக்கத்துலயே ஒரு குட்டி! மருந்து ரெண்டாவது இடத்துலயும் ஒட்டுது. என் ஆய்வேடே இதுதான்!"

இடப்பக்கம். சற்றுக் கீழே. வாண்டா தேநீரைக் கீழே வைத்தாள்.

"ஏதாவது தப்பா இருக்கப்போகுதும்மா."

"மூணு தடவை எடுத்துட்டேன், மூணு தடவையும் அதே இடம்! திங்கட்கிழமை ப்ரொஃபசர்ங்க முன்னாடி காட்டப் போறேன். ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

மூன்று முறையும் அதே இடம்தான் வரும். மூன்று முறையும் அதே பட்டியலைப் போட்டுக் கொடுத்தவள் வாண்டா. திங்கட்கிழமை இந்தப் பெண்ணைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். குழாயிலுள்ள புரதம் இன்று மாலைவரைதான் தாங்கும். புதுப் பட்டியல் போட்டால் நான்கு மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அவர் அங்கே இல்லாததை ஒரு முறை பார்த்துவிட்டால், பிறகு எந்த முகத்தோடு "வந்துட்டியா" என்று கேட்பாள்?

பட்டியலைத் திறந்தாள். உச்சியில், ஆறு வருஷமாகப் படித்தும் படிக்காததுபோல் கடந்துவந்த அவருடைய வரி: 'வாண்டா, ஒவ்வொரு படத்துக்கும் புதுசா குலுக்கிக்கோ. இதையே பிடிச்சுக்கிட்டு இருக்காத.'

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கிங்கா, உட்காரு. அந்தக் குட்டிப் புள்ளி புரதம் இல்ல. என் புருஷன்."

"பானி... காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னாள். கிங்காவின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"அப்ப ஆறு வருஷமா எல்லார் படத்துலயும் உங்க குடும்பக் கதைதான் ஓடிச்சா? எனக்கு முன்னாடி இருந்தவங்க என்ன பண்ணாங்க?"

"அழுக்குன்னு துடைச்சுட்டாங்க. நீ ஒருத்திதான் நம்பின."

வாண்டா புதிதாகக் குலுக்கினாள்.

நான்கு மணிக்கு ஜன்னல் இருட்டத் தொடங்கியபோது படம் வந்தது. பெரிய புள்ளி அப்படியே நின்றது. மங்கல் புள்ளி வலப்பக்கம், மேலே போயிருந்தது. இடப்பக்கம், சற்றுக் கீழே, வெறுமை.

"போச்சு," என்று கிங்கா முகத்தை மூடிக்கொண்டாள். வாண்டாவுக்கும் கண்ணீர் வழிந்தது. ஒரே இடத்தைப் பார்த்துத்தான் இருவரும் அழுதார்கள். ஆறு வருஷத்தில் முதல் முறையாக வாண்டா முதுகுக்குப் பின்னால் திரும்பினாள். ஆணியில் அவளுடைய கோட்டு மட்டும் தொங்கியது.

"திங்கட்கிழமை பெரிய புள்ளியை மட்டும் காட்டுறேன். அதுவாவது நிஜம்," என்று மூக்கை உறிஞ்சினாள் கிங்கா. கிளம்பும்போது, கோபம் தீராமலேயே, கோட்டை எடுத்து வாண்டாவின் தோளில் போட்டாள்.

மறுநாள் ப்ருத்னோ கல்லறைத் தோட்ட வாசலில் வாண்டா ஒரு விளக்கும், செவெரினுக்குப் பிடித்த இளஞ்சிவப்பு மிட்டாயும் வாங்கினாள். உள்ளே கண்ணுக்கெட்டும் தூரம்வரை சுடர்கள். நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் நடந்தாள். கடைசியில் தங்கைக்குப் போன் போட்டாள்.

"ரோமானா, எத்தனாவது வரிசைடி? அவர் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியல."

மறுமுனையில் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது.

"அங்கேயே நில்லுக்கா. நான் வர்றேன்."