குத்ரூன் என்றொரு சந்தேகம்

பிறந்து மூன்று கிழமையாகியும் என் தங்கை வதனியின் மகளுக்குப் பெயரில்லை. சரியாகச் சொன்னால், பெயர் இருக்கிறது, வெளியே சொல்கிறார்கள் இல்லை. வீட்டில் எல்லோரும் 'ஸ்தூல்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஐஸ்லாந்து மொழியில் அதற்குச் சிறுமி என்று அர்த்தமாம். வதனியின் கணவன் எய்னார் ஐஸ்லாந்துக்காரன், ஒஸ்லோவில் மின்சார வேலை செய்கிறான். நல்ல பெடியன்தான். ஆனால் பிள்ளைக்கு என்ன பெயர் என்று நான் கேட்டபோது, "அதை நாங்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை" என்று சிரித்தான். ஏன் என்று கேட்டேன். "சொல்வதில்லை, அவ்வளவுதான்" என்றான். எங்களுடைய ஆட்களிடம் இப்படி ஒருவர் பதில் சொன்னால் அதன் பிறகு யாருக்குத் தூக்கம் வரும்?

பேரப்பிள்ளையைப் பார்க்க எய்னாரின் தாய் சிக்ரிதுர் ரெய்க்யாவிக்கிலிருந்து வந்து, பியோர்ண்டாலில் உள்ள அவர்களுடைய வீட்டில் தங்கியிருந்தார். உயரமான, அதிகம் பேசாத மனுஷி. பிள்ளை பெற்றவளுக்கென்று என் மனைவி மருந்துச் சரக்கெல்லாம் அரைத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட சரக்குக் கறியை, அவள் தொடுவதற்கு முன்னால் இவர் கோப்பையில் ஊற்றிக் குடித்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மிளகுக் காரத்தில் மூக்கு சிவந்தும் விடவில்லை. வேறொரு நேரமென்றால் மெச்சியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அதுவும் ஒரு தந்திரமாகத்தான் பட்டது. எங்களைக் கையுக்குள் போடப் பார்க்கிறா என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுத்த நாள் இரண்டு மடங்கு கறி வைத்துக் கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் வேலை முடிந்து நேரே அங்கே போனேன். வதனி குளித்துக்கொண்டிருந்தாள். சிக்ரிதுர் தொட்டிலின் மேல் குனிந்து, பிள்ளையின் முகத்துக்குக் கிட்டப் போய், "குத்ரூன்... குத்ரூன் மீன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, மழை விட்டுவிட்டதா என்று விசாரித்தார். விட்டுவிட்டது என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உசாராகிவிடுவார் அல்லவா?

என் வீடு இருக்கும் ஸ்டோவ்னருக்குத் திரும்பும் ரயிலில் கைபேசியை எடுத்துத் தேடினேன். 'மீன்' என்றால் அவர்கள் மொழியில் 'என்னுடைய' என்று அர்த்தமாம். குத்ரூன் மிகப் பழைய பெயராம். முன்பாதிக்குக் கடவுள் என்று பொருள், பின்பாதிக்கு ரகசியம் என்று பொருள். ஐஸ்லாந்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு வைக்கிறார்களாம், செத்த பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைத்து வைத்தே அது அழியாமல் இருக்கிறதாம். நோர்வேயிலும் இந்தப் பெயர் உண்டு, ஆனால் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்தான் உண்டு. தினமும் ஒரு குத்ரூனுக்கு நான் காலுறை போட்டுவிடுகிறேன். நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கடவுளும் ரகசியமும் ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள் என்றால், யாருடைய கடவுள், என்ன ரகசியம்?

திராமனில் இருக்கும் என் கூட்டாளி சபேசனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"மச்சான், இது சேர்ச் விசயம்" என்றான். "பேரை ஒளிச்சு வைக்கினம் எண்டா டோப் குடுக்கப் போகினம். எல்லாம் முடிஞ்ச பிறகு உங்களுக்குப் படம்தான் வரும்."

டோப் என்றால் ஞானஸ்நானம். அந்தச் சொல் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்குச் சாமியில் பெரிய பிடிப்பு ஒன்றும் கிடையாது, கோயிலுக்குப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போவேன். ஆனால் எனக்கு மிச்சமிருப்பது வதனி ஒருத்திதான். அம்மா ஷெல் விழுந்து செத்தபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா அதற்கு முன்பே இல்லை. மாமா எங்கள் இருவரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பனிச்சப்பாத்துக்கு நாடா கட்டி, பள்ளிக்கூடக் கூட்டங்களில் பெற்றோர் கதிரையில் போய் இருந்தவன் நான். அவளையும் பிள்ளையையும் சத்தமில்லாமல் ஒரு கூட்டம் அள்ளிக்கொண்டு போகிறது என்ற பயம்தான் எனக்கு. அதைச் சொல்லத் தெரியாமல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பெயர் விசயத்தில் இந்த நாட்டோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. வந்த புதிதில் அகதி விசாரணையில் அம்மாவின் பெயர் என்ன என்று ஒரு அலுவலர் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. எங்களுடைய வீட்டில் பெற்றவர்களின் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்வதில்லை, சொன்னால் வாயில் அடி விழும். பேனையை வாங்கி எழுதிக் காட்டினேன். தாயின் பெயரே தெரியாதவன், யோசித்து எழுதுகிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு அவர் பார்த்த பார்வையைத்தான் நான் இப்போது சிக்ரிதுர் மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பெயருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அது இங்கே என் குடும்பப் பெயராகித் தபால்பெட்டியில் இருக்கிறது, பல் வைத்தியரிடம் போனாலும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாவின் பெயரைக் கூப்பிட இந்த நாட்டில் எவருக்கும் ஒரு காரணமும் வரவில்லை.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நான்கு நாள் இருக்கும்போது சாட்சி கிடைத்தது. வதனி வீட்டு அறைக் கதவின் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. பழைய பின்னல் வேலை, பிள்ளையைவிட மூன்று மடங்கு நீளம். இப்படியான சட்டைகளைத் தேவாலய வாசலில் நான் பார்த்திருக்கிறேன். வதனி பால் சூடாக்கிக்கொண்டிருந்த குசினிக்கு நேரே போனேன்.

"எப்ப டோப்?" என்று வதனியைக் கேட்டேன். "எனக்குச் சொல்லாமல் செய்யிறதெண்டா செய்யுங்கோ. ஆனா ஒளிச்சு விளையாட வேண்டாம். குத்ரூன் எண்டு பேர் வைக்கிறதும் எனக்குத் தெரியும்."

அவள் பால்போத்தலை மேசையில் வைத்தாள். "என்ன அண்ணா கதைக்கிறியள்? டோப் ஒண்டும் இல்லை. அது எய்னார் போட்ட சட்டை, அவன்ரை அப்பா போட்ட சட்டை. முப்பத்தொண்டுக்குப் போடப் போறம், வீட்டிலதான். பேர் வைக்கிற அண்டைக்குத்தான் பேரை வெளியில சொல்லுறது, அது அவையின்ரை பழக்கம்."

"அப்ப குத்ரூன்?"

"அது எய்னாரின்ரை அப்பம்மாவின்ரை பேர். முதல் பேர். இரண்டாவது பேர் ஒண்டு இருக்கு." போத்தலின் மூடியை இறுக்கினாள். "ஏழாம் மாசம் அம்மா கனவில வந்தவ. இந்தக் குசினியில வந்து நிண்டவ. ஒண்டும் கதைக்கேல்லை. எனக்கு அம்மாவின்ரை முகமே ஞாபகம் இல்லை அண்ணா, ஆனா அம்மா எண்டு தெரிஞ்சுது. நான் சிக்ரிதுருக்குத்தான் சொன்னனான். செத்த ஆள் பிள்ளைத்தாச்சியின்ரை கனவில வந்தா, தன்ரை பேரைக் கேட்டு வந்திருக்கிறா எண்டு அவையள் சொல்லுவினமாம். பேர் குடுக்காட்டி திரும்பத் திரும்ப வருவாவாம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அம்மா எண்டு வாய் எடுத்தாலே நீங்கள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுடுவியள். அம்மாவுக்கு என்ன பேர் எண்டே எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும்."

உண்மையில் அப்போதும் என் கை ஜக்கெட்டைத்தான் தேடியது. எடுக்காமல் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் பாலைத் திரும்பச் சூடாக்கினாள். எவரும் எங்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நான் பூட்டி வைத்திருந்த ஒன்றை, கடல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்காரி தன் பழக்கத்தால் திறந்திருக்கிறார். நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தொன்றன்று வீடு நிறையச் சனம். பிள்ளைக்கு அந்த வெள்ளைச் சட்டை, இடுப்பில் என் மனைவி கட்டிவிட்ட அரைஞாண், நெற்றியில் கறுத்தப் பொட்டு. தாய்மாமன்தான் காதில் பெயர் சொல்ல வேண்டும் என்று வதனி முடிவு செய்துவிட்டாள். பிள்ளையை என் மடியில் கிடத்தினார்கள். குனிந்து, வலது காதில் "குத்ரூன்" என்றேன். நோகாமல் வந்தது. இரண்டாவது முறையும் வந்தது, மூன்றாவது முறையும் வந்தது. இத்தனை நாள் நான் வேவு பார்த்த பெயர், என் சொந்தப் பெயர் மாதிரி வாயில் புரண்டது.

அடுத்த பெயருக்கு வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனம் காத்திருந்தது. வதனி என் தோளில் கை வைத்தாள். எதிரே நின்ற சிக்ரிதுர், பாவம், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு உதவி செய்வதற்காக, தெளிவாக, முதல் எழுத்தில் அழுத்தி, சத்தமாகக் கூப்பிட்டார்:

"தங்கரத்தினம்!"

இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் அம்மாவைப் பெயர் சொல்லி அழைக்கிறார். நான் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.