பிள்ளை படுக்காத அறைகள்

பிள்ளைகளின் அறையைச் சோடிக்கிற தொழிலில், பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் அபிப்பிராயம் சொல்வார்கள். லண்டனில் வால்பேப்பர் ஒட்டிக் கழுத்து வலித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

எண்பதுகளின் கடைசியில், கவுன்சில் நடத்திய மாலை வகுப்பில் இந்த வேலையைப் பழகினேன். அப்போது மனோர் பார்க்கில் ஒரு வீட்டு மேல்மாடியில், ஒற்றை அறையில், நானும் கணவரும் மகள் சுகன்யாவும் இருந்தோம். அலுமாரிக்கும் எங்கள் கட்டிலுக்கும் நடுவில் கிடந்த மெத்தையில்தான் அவள் படுப்பாள். அவளுக்கென்று ஒரு அறை வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்குப் பசை பூசப் போனேன்.

அண்ணை எங்கே?

முதல் வேலை லூயிஷாமில், எங்கட தமிழாட்கள் வீட்டில். மடக்கு மேசையையும் பசை வாளியையும் ரயிலில் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு, பின்னால் என் கணவர் வருகிறாரா என்று தெருவைப் பார்த்தார். ஒட்டப்போவது நான்தான் என்றேன். மனிதர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து அறை வாசலில் போட்டு, கடைசித் துண்டு ஒட்டி முடியும்வரை காவல் இருந்தார்.

ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. என் கணவருக்கோ கடிதத்தில் முத்திரைகூட நேராக ஒட்ட வராது. வீட்டுக்காரர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு, தங்கச்சி. எதுக்கும் அண்ணையும் வந்து ஒருக்கால் பாத்திட்டார் எண்டால் எங்களுக்கும் ஒரு திருப்தி."

வாத்துகளின் உயரம்

சின்னப் பிள்ளையின் அறையில் படங்கள் பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். சட்டை மாட்டுகிற கொக்கி கைக்கு எட்ட வேண்டும். கீழ்ச் சுவருக்குக் கழுவக்கூடிய பெயின்ற் பூச வேண்டும், கிறுக்கினால் துடைக்கலாம். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை, பிள்ளையோடு நிலத்தில் இருந்து பார்த்தால் தெரிகிற விஷயம்.

அப்படித்தான் ஒரு வீட்டில் வாத்துகள் வரிசையாகப் போகும் போர்டர் பட்டியைத் தாழ்வாக ஒட்டினேன். அந்த வீட்டுக் குட்டி ஒவ்வொரு வாத்தாகத் தொட்டுத் தொட்டு அறையைச் சுற்றி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கிழமை பிறந்தநாள் விழா. தாய்க்காரி எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உரித்து மேலே ஒட்டச் சொன்னா. ஏன் என்று கேட்டேன். "வீடியோக்காரர் நிண்டுகொண்டெல்லோ எடுப்பார். பிள்ளை எப்பிடியும் வளரும்தானே."

நீலம்

ஆர்ச்வேயில் ஒரு தகப்பன். மகனுக்கு நான்கு வயது இருக்கும். என்ன நிறம் வேண்டும் என்று பொடியனிடம் கேட்டது நான் விட்ட பிழை. வானம் மாதிரி நீலம் என்றான், அதில் விமானமும் வேண்டும் என்றான். தகப்பன் சிரித்தபடி என்னைப் படிக்கட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளிர் மஞ்சள் போதும் என்றார். "நாளைக்கு ஊரிலையிருந்து ஆரும் வந்தால் இதுக்குள்ளதானே படுக்கவேணும். விமானத்துக்குக் கீழை ஒரு பெரிய மனுசன் எப்பிடிப் படுக்கிறது?"

எங்கள் வீடு

கடைசியில் எங்களுக்கும் ஒரு வீடு அமைந்தது. சுகன்யா தானே பேப்பரைத் தெரிந்தெடுத்தாள், புல்லுக்குள் முயல்கள். அவள் நின்ற உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அந்த மட்டத்தில் ஒட்டினேன். அங்கே அவள் ஒரு மாதம்கூடப் படுத்திருக்க மாட்டாள். கணவரின் தம்பி நேசன் வந்து சேர்ந்தான். பல நாடுகளில் அகப்பட்டு, அலைந்து வந்த பொடியன். இடமில்லை என்று சொல்ல முடியுமா, சொல்லுங்கள். சுகன்யா தலையணையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் எங்கள் அறைக்கு வந்தாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேசனுக்கு வேலை கிடைத்தது, போகிற பேச்சு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளைக்கு இல்லாத முயல் ஒருவருக்கும் வேண்டாம் என்று ஒரு நாள் வாளித் தண்ணீரோடு போய்ச் சுவரை நனைத்தேன். ஒரு துண்டு உரிந்து வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த நேசன் வாசலில் நின்று பார்த்தான். பிறகு மெல்ல வந்து என் கையிலிருந்த சுரண்டும் தகட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, உரிக்காதேங்கோ. கண்ணை மூட முதல் அதுகளைப் பாத்தால்தான் எனக்கு நித்திரை வருகுது."

லண்டன் முழுக்கப் பிள்ளைகளுக்கு அறை சோடித்தேன்; நான் நினைத்தபடி அதில் படுத்துறங்கிய ஒரே பிள்ளைக்கு மீசை இருந்தது, என் மகளுக்கு அந்த அறை கிடைத்தபோது முயல்களை விரும்பும் வயது போய்விட்டிருந்தது.