மகள் அவித்து வைத்த கிழங்கு

சங்கராபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறேன். நான் திரும்புவதற்குள் நான்காவது படிக்கும் என் மகள் குளிக்க வெந்நீர் வைத்து, டீயும் போட்டு வைத்திருப்பாள். அதைப் பார்த்தாலே எனக்கு இடுப்பு வலி மறந்துபோகும்.

ஒருநாள், ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றியது போக வயலில் கிடந்த நாலு கிழங்கை, சீவிக் காயவைத்து ஆட்டுக்குப் போடலாம் என்று எடுத்துவந்தேன். அது கசப்பு ரகம். நன்றாகக் காய்ந்தால்தான் விஷம் குறையும்; அவித்துத் தின்றாலும் உயிருக்கு ஆபத்து. வேலைக்குப் போகிற எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று மகளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தட்டில் கிழங்கு ஆவி பறக்க இருந்தது.

"உப்பு, மஞ்சள் எல்லாம் போட்டுக்கிறன். துன்னும்மா" என்றாள்.

வாயில் வைத்ததும் தொண்டைவரை கசந்தது. துப்பிவிட்டு அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"நீ துன்னியாடி?"

"இல்லம்மா. நீ வரட்டும்னு காத்துகினு இருந்தன்."

எனக்காகப் பொறுத்துக்கொண்ட அந்தப் பசிதான் அவளைக் காப்பாற்றியது. அது விஷம் என்று சொல்லி, அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் அந்தக் கிழங்கு எங்கள் வீட்டு வாசல் ஏறவில்லை. ஆனால் போன வாரம் அவள் கிண்டி வைத்திருந்த உப்புமாவில் ஓரமாக ஒரு வாய் குறைந்திருந்தது.

"பசிச்சிதாடி?" என்றேன்.

"இல்லம்மா. நான் மின்னாடியே துன்னு பாத்துட்டன். கசக்கல. ஒனக்கு ஒண்ணும் ஆவாது, துன்னு."

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருகிறேன். அவள் வாயில் வைப்பதற்கு முன்னால் நான் வைத்தாக வேண்டும்.